மில்லை விரட்டுவதா, திருத்துவதா?

ஊரில் கல்யாணத்துக்கு 'வைத்துக் கொடுக்க' மொத்தமாகச் சேலை எடுப்பார்களே, அந்தக் கட்டில் சூரத் சேலை இல்லாமல் இருக்காது. விலை குறைவு, கசங்காது, துவைத்தால் சுருங்காது. அந்தச் சேலைக்குச் சாயம் ஏற்றும் ஊரில்தான் நான் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். (மில்லில் பாய்லர், தண்ணீர், கம்ப்ரஸர் மூன்றும் என் தலையில்.)

சூரத்தின் பாண்டேசரா, சச்சின் தொழிற்பேட்டைகள் ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்தவை. இன்று ஊர் வளர்ந்து அவற்றைச் சுற்றி வளைத்துவிட்டது. மொட்டை மாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் கரித்தூள் உதற வேண்டும்.

போன மழைக்காலம் முடிந்ததும் எங்கள் சொசைட்டியில் ஒரு மனு தயாரானது. மில்களை நகரத்தை விட்டே அகற்ற வேண்டும் என்று. மேல் மாடியில் இருக்கும் திருநெல்வேலித் தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் பையனுக்கு வீசிங், குளிர்காலம் முழுக்க நெபுலைசர்தான். "அண்ணா, நீங்க மில்லுலயே இருக்கீங்க. நீங்க கையெழுத்துப் போட்டாதான் எடுபடும்" என்றாள்.

நான் போடவில்லை. சோறு போடும் இடம் என்பதற்காக மட்டும் இல்லை. ஏன் என்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

விரட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. டெல்லியில் 1996-ல் உச்ச நீதிமன்றம் 168 அபாயகரமான ஆலைகளை மூடச் சொன்னது. குடியிருப்புப் பகுதிகளில் இருந்த மற்ற பட்டறைகளையும் அகற்றும் வேலை பின்னால் வந்தது. 2000 நவம்பரில் தொழிலாளர்கள் வேலை போய்விடும் என்று தெருவுக்கு வந்துவிட்டார்கள். நம் திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதே, நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயமானது. ஆனால் அன்று முதலில் மூட்டை கட்டியது முதலாளி இல்லை, வாடகை வீட்டில் இருந்த தொழிலாளி. இங்கேயும் ஒடிசாவிலிருந்தும் உ.பி.யிலிருந்தும் வந்து, ஒரு அறையில் நெருக்கியடித்துத் தங்கி, ஷிஃப்டுக்கு நடந்தே போகிறவர்கள்தான் அதிகம். மில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? புகை மட்டும் நின்றுவிடுமா என்ன, வேறொரு ஊர்ப் பிள்ளைக்கு வீசிங் வரும்.

சரி, இங்கேயே வைத்துத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு சூரத்திலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

முதலாவது தண்ணீர். சாயம் ஏற்றித் துவைத்து எடுக்க ஒவ்வொரு கிலோ துணிக்கும் பல பத்து லிட்டர் வேண்டும். சூரத் மாநகராட்சி 2014-ல் பம்ரோலியில் ஒரு நிலையம் கட்டியது. வீட்டுச் சாக்கடைத் தண்ணீரை வழக்கமாகச் சுத்தம் செய்வதோடு விடாமல், அல்ட்ராஃபில்ட்ரேஷன், ஆர்.ஓ. வரை கொண்டுபோய், தினம் 4 கோடி லிட்டர் பாண்டேசரா மில்களுக்கு விற்கும் திட்டம். அவ்வளவு தபி நதித் தண்ணீர் குடிக்க மிச்சம், மாநகராட்சிக்கு வருமானம். நம் பாத்ரூம் தண்ணீர் சேலையாகத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

இரண்டாவது புகை. 2019-ல் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சூரத்தில் தூசுக்கு ஒரு சந்தை தொடங்கியது. புகையில் வரும் துகள்களுக்கென்று உலகிலேயே முதல் சந்தை இதுதான். நம் ரேஷன் கார்டு மாதிரி. மொத்தம் இவ்வளவு தூசுதான் என்று வரம்பு கட்டி, ஆலைகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். குறைவாக விட்டவர் மிச்சத்தை விற்கலாம், அதிகம் விட்டவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். யார் எவ்வளவு விடுகிறார் என்பதைப் புகைபோக்கியில் பொருத்திய கருவி இடைவிடாமல் வாரியத்துக்கு அனுப்பும். பொருளாதார ஆய்வாளர்கள் 317 ஆலைகளை, சீட்டுக் குலுக்குவது போல, சந்தைக்குள் பாதி, வெளியே பாதி என்று பிரித்து அளந்தார்கள். சந்தைக்குள் இருந்தவை 20 முதல் 30 சதவீதம் வரை குறைவாகத் தூசு விட்டன. முடிவு 2025-ல் ஆய்விதழில் வந்தது.

இது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. 2022 ஜனவரியில் சச்சினில் யாரோ டேங்கரில் கொண்டுவந்த ரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகக் கால்வாயில் ஊற்றினார்கள். கிளம்பிய விஷவாயுவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 6 பேர் செத்தார்கள். புகைபோக்கிக் கருவி கால்வாயைப் பார்க்காது. அதைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் பக்கத்தில் குடியிருப்பவராக இருந்தால் நல்லது.

மில்லுக்குள் செய்யக் கூடியதும் நிறைய இருக்கிறது, அதில் பலவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. நீராவி வேலை முடிந்து சுடுதண்ணீராக மாறுவதைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்பினால், பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு ஒவ்வொரு 6 டிகிரி கூடும்போதும் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். எரிக்காத கரி புகையாக வராது. முதலாளியிடம் காற்று மாசு என்று ஆரம்பித்தால் டீ வரும். கரி பில் என்று ஆரம்பித்தால் கால்குலேட்டர் வரும்.

ஆகவே தங்கச்சியிடம் மனுவை மாற்றச் சொன்னேன். 'அகற்று' என்பதை எடுத்துவிட்டு மூன்றே கேள்வி. பை ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? புகைபோக்கிக் கருவியின் கணக்கைத் தெருவில் போகிறவன் படிக்கும்படி வாசல் பலகையில் போடுவீர்களா? ராத்திரி வரும் டேங்கர் எங்கே போகிறது? அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பலகையப் படிச்சா அவனுக்கு இருமல் நிக்குமா?" என்று கேட்டாள். நிற்காதுதான். ஆனால் 'போ' என்ற மனுவுக்குப் பதில் வர இருபது வருஷம் ஆகும், இந்தக் கேள்விகளுக்கு ஒரு மாதத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் கழித்து மூன்று கேள்வியோடு வந்தாள். முதல் கையெழுத்து அவளுடையது, இரண்டாவது என்னுடையது.

பி.கு: "திருப்பூர் மாதிரி ஒரு சொட்டு வெளியே விடாமல் செய்ய வேண்டியதுதானே?" என்று ஊர் நண்பர்கள் கேட்பார்கள். அங்கே பருத்திக்கு உப்புப் போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள், அந்த உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். இங்கே பாலியஸ்டர், சாயத்துக்கு உப்பே தேவையில்லை. கணக்கு வேறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.