லிஃப்ட் கிடைக்கிற நாள்

சென்னையில் வீடு மாற்றும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆடி மாதம் பட்டினி மாதம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை யாரும் புதுவீட்டில் குடியேற மாட்டார்கள். பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேர் கடை, ஆபீஸ் சாமான் ஏற்றி இறக்கிக் காலத்தை ஓட்டுவார்கள். புரட்டாசியும் மார்கழியும் அப்படித்தான். அந்தக் குறையை ஆவணியும் தையும் வட்டியோடு தீர்க்கும். அதிலும் மாதக் கடைசி, வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை மூன்றும் சேர்ந்து விழுந்துவிட்டால் நகரத்தில் குட்டி யானை கிடைப்பது குதிரைக்கொம்பு. (2005இல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு ஊர் வைத்த பெயர் அது.)

அப்படியொரு ஆவணி மாதக் கடைசியில் ஒரு லோடுமேன் குழுவோடு போயிருந்தேன். கோடம்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து, நாவலூரில் பதினோராம் மாடிக்கு ஒரு குடும்பம் மாறுகிறது. வீடு மாற்றும் நாளில் நேரம் எங்கே போய்த் தொலைகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மேஸ்திரிக்குத் திருவண்ணாமலைப் பக்கம். கூட வந்தவர்கள் ஐந்து பேர். நால்வர் அவர் ஊரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், ஒருவர் ஒடிசாக்காரர். எல்லோருக்கும் மேஸ்திரி ‘அண்ணா’தான்.

அன்று சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம். வீட்டம்மா ஒன்பதுக்கு முன்பே சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் காரில் அனுப்பிவிட்டார். முந்தின வாரம் நல்ல நேரம் பார்த்து பாலும் காய்ச்சியாகிவிட்டது. லாரி எப்போது கிளம்பினாலும் அவருக்குக் கவலையில்லை. மேஸ்திரிக்கு இதில் பெரிய நிம்மதி. “பால நல்ல நாள்ல காய்ச்சுங்க, பீரோவ லிஃப்ட் கெடைக்கிற நாள்ல ஏத்துங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன் சார். ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கிட்டுதான் நம்ம தலைய உருட்டுறாங்க” என்றார். ஞாயிறு நல்ல நாள் என்று குடும்பம் நினைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றக்கூடாது என்று பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அசோசியேஷன் விதி சொல்லும். நடுவில் நிற்பது லாரி.

சாமான் கட்டுவதில் இவர்களுக்கு இருக்கும் கைத்திறனை நான் அதுவரை குறைத்தே எடைபோட்டிருந்தேன். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கமாட்டார்கள். பேப்பர் சுற்றி, பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். குலுக்கலில் அடித்தட்டின் மேல் மற்ற எல்லாத் தட்டின் பாரமும் இறங்காது. புத்தகங்களுக்கு இருப்பதிலேயே சின்னப் பெட்டி. பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடைத்தால் தூக்கும்போது அடி பிய்ந்துகொள்ளும், தூக்குகிறவர் இடுப்பும் கூடவே போகும். (எழுதுகிறவர்கள் வீடு என்றாலே இவர்களுக்குக் கசப்பு என்று பிறகு தெரிந்தது.) கிரைண்டரில் குழவியைத் தனியே கழற்றித் துணி சுற்றுகிறார்கள். ஃப்ரிட்ஜை முந்தின இரவே அணைத்து, ஐஸ் உருகியதும் துடைத்துக் காயவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியெல்லாம் தண்ணீர் வழிந்து மெத்தை நனையும். ஊறுகாய் ஜாடி, எண்ணெய்த் தூக்கு இரண்டையும் மேஸ்திரி லாரியில் ஏற்றுவதே இல்லை. “அது உங்க கார்ல, உங்க கால்கிட்ட” என்று சொல்லிவிடுவார். கேஸ் சிலிண்டருக்கும் இடமில்லை.

பெட்டியின் மேல் எழுதுவதில்தான் அவர் கண்டிப்பு. பெரும்பாலானவர்கள் ‘ஹால்’, ‘பெட்ரூம்’ என்று பழைய வீட்டு அறையை எழுதுவார்களாம். புது வீட்டில் அந்தப் பெட்டி எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதையே எழுதச் சொல்கிறார், அதுவும் மூடியில் இல்லாமல் பக்கவாட்டில். அடுக்கிய பிறகு மூடி யாருக்குத் தெரியும்? முதலில் தேவைப்படுகிற பாய், தலையணை, பால் பாத்திரம், மாத்திரை டப்பா எல்லாம் கடைசியாக ஏறும். கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும்.

காலை ஏழரைக்கு ஆரம்பித்த வேலை பத்தரைக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம் பரண்.

ஹால், படுக்கையறை எல்லாம் ஒழுங்காகக் கட்டியாகியிருந்தது. பரணை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்தார்கள். வெண்கலப் பானை, உடைந்த தொட்டில், மூன்று தலைமுறைக் கல்யாண ஆல்பம், இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கொலு பொம்மை. ஒவ்வொன்றும் இறங்கும்போது அது வேண்டுமா வேண்டாமா என்று வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் பேச வேண்டியிருந்தது. பொம்மைகளை லோடுமேன்கள் தொடவே வீட்டம்மா விடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து, தசாவதாரத்தில் ஒவ்வொரு கழுத்துக்கும் தனியாகச் சுற்றினார். அடுத்த மாதம் நவராத்திரி. அவர் கவனம் நியாயம்தான். ஆனால் ஐந்து பேர் கை கட்டி நின்றார்கள், லாரி கீழே நின்றது.

அந்த நேரத்தில் மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய கட்டடப் படி; இரண்டு பேர் சேர்ந்து நின்றால் தோள் இடிக்கும். மேஸ்திரி டேப்பை எடுக்கவில்லை, சாண் போட்டு அளந்தார். மூன்று பேர் உட்காரும் சோபாவை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கைப்பிடிச் சுவருக்கு மேல் அரை அடி தூக்கி, திருகித் திருப்பினார்கள். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார், “வை... வை... நிறுத்து... சாய்” என்ற குரல்தான் வழி. அடுத்து வாஷிங் மெஷின். முன்பக்கம் கதவு உள்ள மெஷின்களில் சுழலும்போது ஆடாமலிருக்கக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். பார்க்கத் தகரப்பெட்டி, தூக்கினால் அறுபது எழுபது கிலோ. உள்ளே டிரம் ஆடாதிருக்க, வாங்கும்போது வந்த டிரான்ஸிட் போல்ட்டைத் திரும்ப முடுக்க வேண்டும். அதை யார் வைத்திருக்கிறார்கள்? இந்த வீட்டில் சமையலறை இழுப்பறையில், திறக்காத கவரோடு இருந்தது. மேஸ்திரி அதைக் கையில் வாங்கி மற்றவர்களுக்குக் காட்டினார். வேறெதற்கும் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அன்று நான் பார்க்கவில்லை.

ஒருவர் சுமக்கிற பாரம் 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. இரும்புப் பீரோவைத் துணியெடுக்காமல் ‘அப்படியே தூக்குங்க’ என்று சொல்லும் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

லாரி கிளம்பும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மெட்ரோ வேலையால் குறுகிப் போன ஓஎம்ஆரில் ஊர்ந்து நாவலூர் வந்தோம். வாசலில் அடுத்த முட்டுக்கட்டை: பதினான்கு அடி ஐஷர் லாரி நுழைவு வளைவுக்குள் போகவில்லை. “வளைவு எவ்ளோ உயரம்னு போன்லயே கேட்டேன் சார். லாரியெல்லாம் போகும்னு சொன்னாரு” என்றார் மேஸ்திரி. தண்ணீர் லாரி போவதைப் பார்த்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அது பின்வாசல் வழியாகப் போகிறது. சாவி அசோசியேஷன் அலுவலகத்தில், மேலாளர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சர்வீஸ் லிஃப்ட் ஒன்றிலிருந்து மூன்றுவரை இவர்களுக்கு. பின்வாசல் திறந்தபோது இரண்டு. மூன்று மணிக்கு அதே கட்டடத்தில் காலி செய்யும் இன்னொரு குடும்பம் லிஃப்ட் வாசலில் கட்டிலோடு காத்திருந்தது. பாதிச் சாமான் ஏறியிருந்தது. மீதி ஐந்து மணிக்குமேல்தான்.

இவ்வளவிலும் லோடுமேன்கள் வீணாக்கிய நேரம் என்று ஒன்றையும் நான் பார்க்கவில்லை. சாமான் ஏற்றவும் இறக்கவும் ஆகும் நேரம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. பரண் போக, மற்றத் தாமதமெல்லாம் நுழைவு வாசலிலும் லிஃப்ட் வாசலிலும் நடந்தது, இரண்டுமே ஒரு வாரத்துக்கு முன்பு ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காசு கொடுத்தது யார்? இந்தக் குழுவுக்குக் கூலி லோடு கணக்கு, மணிக்கணக்கு இல்லை. அன்று மாலை வளசரவாக்கத்தில் இவர்களுக்கு இரண்டாவது லோடு இருந்தது. அதை இன்னொரு குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் காத்திருப்புக் கட்டணம் கட்டினார்தான். அது வண்டி அனுப்பிய கம்பெனிக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. லிஃப்ட் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும் அதில் ஒரு பைசா வராது. மாதக் கடைசியில் இரண்டு லோடு அடித்தால்தான் ஆடியின் கடன் அடையும் என்றார் அவர்களில் ஒருவரான செய்யாற்றுக்காரர்.

1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியாக இவர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, விபத்து நிவாரணம், அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் உண்டு. மேஸ்திரியிடமும் இன்னொருவரிடமும் வாரியத்தின் அட்டை இருந்தது. ஒடிசாக்காரர் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

வீடு மாற்றப் போகிறீர்கள் என்றால் லாரி பேசுவதற்கு முன்னால் புது வீட்டு அசோசியேஷனுக்கு ஒரு போன் போடுங்கள்: எந்த நாள், லிஃப்ட் எத்தனை மணிக்கு, அன்று வேறு யாராவது மாறுகிறார்களா, வளைவின் உயரம் எத்தனை அடி, பின்வாசல் சாவி யாரிடம். பரணை முந்தின ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுங்கள். இவ்வளவு செய்தும் தாமதமானால், காத்திருப்புக் காசில் ஒரு பங்கை மேஸ்திரி கையில் நேரடியாகக் கொடுங்கள், மற்றவர்கள் பார்க்கும்படி.