தைப் பூவும் ஆனிக் காயும்

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. பெரும்பாலும் பெங்களூரா ரகம், ஓரத்தில் கொஞ்சம் நீலம். தை கடைசியில் இலை தெரியாமல் பூத்து நிற்கும்போது குத்தகைக்காரர்கள் வருவார்கள். ஒரு சுற்று சுற்றி, இத்தனை டன் இறங்கும் என்று கண் மதிப்பில் சொல்லி, மொத்தத் தொகை பேசி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதன்பின் மருந்தடிப்பு, காவல், பறிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. லாப நஷ்டமும் அவர்களுடையதுதான்.

பூவைப் பார்த்துப் போடும் மதிப்பு கூடித்தான் போகும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும், சிலவற்றில் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றில் ஆண் பூக்களே அதிகம், அவை காய்க்காது. மீதியிலும் பிஞ்சு பிடித்து, கொட்டியது போக, அறுவடைவரை நிற்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் காலம் தப்பிய மழையும் வேறு இருக்கின்றன. ஒரு காய்கூட நிற்காத கொத்துகள் ஏராளம். ஆனால் தை மாதத்துக் கண்ணுக்கு அது தெரியாது. அதுவும் தோப்பு வாசல் பக்கத்து மரங்கள் நல்ல வெயில் பட்டு முதலில் பூத்துவிடும். பார்க்க வருகிறவர் அவற்றை வைத்தே தோப்பு முழுவதையும் கணக்குப் போட்டுவிடுவார்.

அப்பா பங்குனி கடைசிவரை பேச்சே எடுக்க மாட்டார். பெரிய உதிர்வு முடிந்ததும் நடுத்தோப்பில் சில மரங்கள், பின் வேலியோரம் சில மரங்கள் என்று பார்த்து, மரத்தின் கால் பாகத்தில் உள்ள காய்களை எண்ணி நான்கால் பெருக்குவார். ஒவ்வொரு வருஷமும் பூ எப்படி இருந்தது, எடை என்ன வந்தது என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். பூ நிறைய என்று எழுதிய வருஷங்களில் எடை குறைந்தும் இருக்கிறது.

அவர் காலத்துக்குப் பிறகு ஒரு வருஷம் தோப்பு அபாரமாகப் பூத்தது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்து, அந்த நோட்டில் எந்த வருஷமும் இல்லாத ஓர் எடையைச் சொல்லி, மொத்தத் தொகை பேசினார். "அக்கா, இப்பவே எழுதிக்கலாம். அட்வான்ஸ் கையோட தர்றேன்." அந்தப் பணம் அவர் வீட்டு நகையை அடகு வைத்து வாங்கியது என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. எனக்கோ மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். வாங்கிக்கொண்டிருந்தால் ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். வாங்கிவிடலாம் என்றுதான் மனசு அன்றிரவு முழுக்கச் சொன்னது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் மதிப்பு தப்பினால் எனக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, முழுச் சுமையும் அந்த வீட்டுக்குத்தான் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

காலையில் அவரை வரச் சொல்லி நோட்டைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் படித்தார். மொத்தத் தொகை வேண்டாம், இறங்கும் எடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டோம், முன்பணமும் சிறியதாக. கட்டணத்துக்கு நான் வேறு இடத்தில் கடன் வாங்கினேன். ஆனியில் இறங்கியது அவர் தையில் சொன்னதில் பாதிக்குச் சற்றே மேல்.

மற்ற தோப்புக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குத்தகை பேசும்போது பழைய எடைச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.