பனிமலை நாட்டில் ஓர் ஆங்கில உபாத்தியாயினி

கோடை விடுமுறையில் லடாக்கு நாட்டிற்குச் சென்று ஆங்கிலங் கற்பிக்கப் போகின்றேன் என்று யான் விடுதியிற் கூறியபோது தோழியர் நகைத்தனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினள் ஒருத்தி ஆங்கிலங் கற்பிக்கப் புறப்படுவது அவர்கட்கு வேடிக்கையாய்த் தோன்றிற்று. "நன்னூல் கற்பிக்கவன்றோ நீ போகவேண்டும்?" என்றாள் ஒருத்தி. என் தந்தையார் நகைத்திலர். தேசப்படத்தை விரித்து, திருநெல்வேலியிலிருந்து சிந்து நதி வரையில் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், "இவ்வளவு தூரமா, அம்மா?" என்று மட்டும் வினவினார்.

தூரம் மெய்யே. தில்லி வரையிற் புகைவண்டி உண்டு. லடாக்கிலோ இருப்புப்பாதை என்பதே இல்லை. கோடைத் தொடக்கத்தில் மலைக் கணவாய்களிற் பனி கிடத்தலால் யான் ஆகாய விமானத்திற் சென்றேன். லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாம் பெருஞ்சிகரமெனப் போற்றும் நீலகிரித் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டரே. ஆதலின் அங்குச் செல்வோர் முதல் இரண்டு நாளும் ஒன்றுஞ் செய்யாது படுத்திருத்தல் வேண்டும். நான்கு படி ஏறினால் நான்கு காதம் ஓடினாற்போல நெஞ்சு படபடக்கும். தொண்டு செய்ய வந்தவள் இரண்டு நாள் பிறர் தொண்டைப் பெற்றுக்கொண்டு கிடந்தது ஒருவகையில் நன்றே. யார் யாருக்கு உதவ வந்தனர் என்பதிற் கருவங் கொள்ள இடமில்லாமற் போயிற்று.

யான் தங்கிய சிற்றூர் லேயிலிருந்து மேற்கே, சிந்து நதி ஓடும் பள்ளத்தாக்கில் உளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டரே. சுற்றிலும் மரமற்ற மலை. பனியுருகி வரும் வாய்க்கால் பாயும் இடம் மட்டும் பச்சை. அந்நீரை வயல் வயலாக முறைவைத்து விடுபவனுக்குச் 'சுர்போன்' என்று பெயர். எங்கள் பக்கத்துக் குளக்கரைகளில் நீர்க்கட்டி செய்யும் தொழிலையே அவன் செய்கின்றான். சுர்போனைப் பற்றி ஊரார் கூறும் குறைகளும் நீர்க்கட்டியைப் பற்றிக் கூறப்படும் குறைகளேயென அறிந்து மகிழ்ந்தேன்.

வீட்டிலே சமையலறைதான் சிறந்த அறை. நடுவே இரும்படுப்பு, சுவரெங்கும் செம்பும் பித்தளையுமாகிய பாத்திரங்கள் அடுக்கடுக்காய் ஒளிவிடும். உப்பும் வெண்ணெயும் இட்ட தேநீரைக் கிண்ணம் குறையுந்தோறும் நிரப்பிக்கொண்டே இருப்பர். வீட்டுத் தலைவியை 'அமா-லே' என்றும், அவர் மாமியாரை 'அபி-லே' என்றும் அழைத்தேன். தாய், பாட்டி என்பது பொருள். இறுதியில் வரும் 'லே' நம் 'அவர்கள்' போல மரியாதை குறிக்கும் ஒட்டு. எம்மூரில் 'ஏலே' என்று விளிப்பதற்கும் இந்த 'லே'க்கும் உள்ள தொலைவை எண்ணி முதல் வாரம் எனக்குள்ளேயே நகைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் என்னை 'அச்சே-லே', அஃதாவது அக்கா, என்றனர். உபாத்தியாயினி என்னும் பெயரினும் அஃது எனக்கு இனிதாயிருந்தது.

முதல் நாள் ஒன்பதாம் வகுப்பிற் புகுந்தேன். பிள்ளைகள் பதினால்வர். "உன் பெயர் யாது?" என்று ஆங்கிலத்தில் வினவினேன். ஒருவன் எழுந்து தன் பெயர், தந்தை பெயர், ஊர், வயது, விரும்பும் விளையாட்டு யாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து அமர்ந்தான். அடுத்தவள் எழுந்தாள், அதே ஒழுங்கு, அதே ஓசை. பதினால்வரும் அவ்வாறே. மிக நன்றென எண்ணி, "நேற்று மாலை என்ன செய்தாய்?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஊமையாயிற்று.

காரணம் பின்னர் விளங்கிற்று. எனக்கு முன் எழுவர் அப்பள்ளிக்குத் தொண்டாசிரியராய் வந்துபோயினர். சிலர் இரு திங்கள் இருந்தனர். சிலர் இரு வாரமே. ஒவ்வொருவரும் முதற்பாடத்திலிருந்தே தொடங்கினர். தமக்கு முன் வந்தவர் யாது கற்பித்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது, தெரிவிப்பாரும் இல்லை. ஒரு சிறுமியின் பழைய ஏடுகளைப் புரட்டினேன். 'எங்கள் கிராமம்' என்னும் கட்டுரை ஏழு முறை, ஏழு பேருடைய சிவப்பு மையால் திருத்தப்பெற்றுக் கிடந்தது. எட்டாம் முறை எழுதுவிக்க என் கை எழவில்லை. நல்லெண்ணத்திற்கு இங்குக் குறைவில்லை. ஆனால் ஏழு நல்லெண்ணங்கள் ஒன்றையொன்று அறியாமல் வந்துபோனமையால் பிள்ளைகள் வாயிற்படியிலேயே நின்றுவிட்டனர்.

ஒலிப்புப் பாடத்தில் எதிர்பாராத இன்பம் ஒன்று கிடைத்தது. மெய்யெழுத்துத் தனியே மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணம். ஆதலின் நம்மூர்ப் பிள்ளைகள் 'இஸ்கூல்' என்பர். லடாக்கியர் நாவிலோ ஸ்தோக், ஸ்பிதுக் என்று ஊர்ப்பெயர்களே கூட்டு மெய்யுடன் தொடங்கும். அவர்கட்கு 'ஸ்கூல்' என்பது தண்ணீர் குடிப்பதுபோல. 'எஃப்' ஒலி மட்டும் அவர்க்கும் நமக்கும் பொதுப் பகை. கீழுதட்டைப் பல்லால் மெல்லக் கடித்து மெழுகுவத்தியை ஊதி அணைக்கும் பந்தயம் வைத்தேன். ஒரு வாரம் பள்ளி முழுவதும் சீறலோசை கேட்டது.

ஆயினும் யான் மறக்கவியலாத பாடம் அவர்கள் எனக்குக் கற்பித்ததே. லடாக்கி மொழியில் வினை நம் மொழியிற்போல வாக்கியத்தின் ஈற்றில் வரும். 'எனக்குத் தம்பியர் இருவர் உளர்' என்று நாம் சொல்லும் முறையே அவர்தம் முறையும். ஆங்கிலத்தின் 'ஹாவ்' என்னும் வினை அவர்க்கும் நமக்கும் ஒருங்கே புதிது. ஒருநாள் கரும்பலகையில் 'இஸ்' என்று எழுதி, 'அடுப்பில் தேநீர் இருக்கிறது' என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் அமைத்துக் காட்டினேன். யான் தங்கிய வீட்டுப் பெண் எழுந்து, "அச்சே-லே, இஃது எந்த 'இஸ்'?" என்று வினவினாள்.

அன்பர்காள், அவர்கள் மொழியில் 'இருக்கிறது' என்பதற்கு ஒரு சொல் போதாது. என் வீடு, என் பொருள், யானே நன்கறிந்தது என்றால் 'யோத்'. கண்ணாற் கண்டு அறிந்தது என்றால் 'துக்'. சுவைத்தோ முகர்ந்தோ தொட்டோ செவியாற் கேட்டோ உணர்ந்தது என்றால் 'ராக்'. பிறர் சொல்லக் கேட்டதாயின் இறுதியில் 'லோ' என்று ஒன்றைச் சேர்ப்பர். இந்த 'லோ' நம் 'ஆம்' என்பதன் உடன்பிறப்பெனலாம். 'மழை பெய்ததாம்' என்று நாம் சொல்லுவதில்லையா? ஆங்கிலத்தில் இவை யாவும் ஒரே 'இஸ்'ஸில் அடங்கும் என்று யான் கூறியபோது அப்பெண் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். "அப்படியானால், சொல்லுகிறவர் கண்டாரா, அறிந்தாரா என்பது கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். 'யான் கண்டேன்', 'என்று சொல்லக் கேட்டேன்' என்று தனியே கூறல் வேண்டும் என்றேன். "அவ்வளவு நீளமா!" என்று வகுப்பு வியந்தது. அன்றுதான் முதன்முறையாக அவர்கள் ஆங்கிலத்திற் சண்டையிட்டனர். எனக்கு உண்டான களிப்பிற்கு அளவில்லை.

ஒரு ஞாயிறன்று லே நகரிலுள்ள மொராவிய சபையாரின் ஆலயத்திற்குச் சென்றேன். மொழி விளங்கவில்லை, ஜெபம் விளங்கிற்று. இச்சபையின் மிஷனெரிமார் 1885-ஆம் ஆண்டில் லேயில் ஊழியந் தொடங்கினர். அதற்கு முன்னரே, 1760-ஆம் ஆண்டில், இதே சபையார் நம் தரங்கம்பாடிக்கு வந்து தங்கியதை நம்மவரிற் பலர் அறியார். இமயமலைப் பகுதியில் ஊழியஞ் செய்த யேஷ்கே ஐயர் 1881-இல் திபெத்திய-ஆங்கில அகராதியை வெளியிட்டார். பிராங்கே ஐயர் 1904-இல் லேயிலிருந்து செய்தித்தாள் ஒன்றை நடத்தினார். பழைய நூல் வழக்கிற்கும் வாய்ப்பேச்சிற்கும் அந்நாட்டில் உள்ள இடைவெளி நம் செந்தமிழ், பேச்சுத்தமிழ் இடைவெளியினும் பெரிதேயன்றிச் சிறிதன்று. எப்படி எழுதுவது என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. திபெத்திய மொழியில் வேதாகமம் முழுவதும் 1948-இல் வெளிவந்தது. அப்பணியிற் பெரும்பங்கு கொண்ட யோசேப் கெர்கன் என்பார் அந்நாட்டவரே. 'கெர்கன்' என்னும் சொல்லுக்கு ஆசிரியர் என்பதே பொருள்.

அன்றிரவு அடுப்படியில் அபி-லே என்னிடம் ஏதோ வினவினார். பேத்தி மொழிபெயர்த்தாள்: "ஆங்கிலம் படித்தவர் எவரேனும் திரும்பி வந்து வாற்கோதுமை அறுத்ததுண்டோ என்று கேட்கின்றார்." அவருடைய மூத்த பேரன் சண்டிகரிற் படிக்கின்றான், மற்றொருவன் தில்லியில். அவ்வாண்டு உழவுக்கு ஜோ என்னும் எருதை ஓட்ட வேற்றூர் ஆளையே கூலிக்கு அழைத்திருந்தனர். எனக்கு விடை தோன்றவில்லை. எங்கள் ஊரிலும் பனையேறுவார் பிள்ளைகள் படித்துச் சென்னைக்குச் சென்றனர். ஏறாத பனைகள் நிற்கின்றன. அதற்காகப் பிள்ளைகளைப் படிக்கவேண்டாம் என்று எவரேனும் சொல்லலாமா? லடாக்கின் அரசுப் பள்ளிகளில் முன்னாளிற் கீழ்வகுப்புகளில் உருதும், மேல்வகுப்புகளில் திடீரென ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாய் இருந்தன. வீட்டு மொழி இரண்டுமன்று. பிள்ளைகளிற் பெரும்பாலோர் பரீட்சையில் தவறினர். மூடர் என்னும் பெயரும் பெற்றனர். அந்நிலையை மாற்றவே 1988-இல் லடாக்கிய இளைஞர் சிலர் 'செக்மோல்' என்னும் இயக்கத்தை நிறுவினர். 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆங்கிலம், இந்தி, உருது ஆகியவற்றுடன் போத்தி, புர்கி என்னும் உள்நாட்டு மொழிகளும் லடாக்கின் அரசு மொழிகளாயின. இவற்றையெல்லாம் அபி-லேயிடம் சொல்லிப் பயனில்லை. அவர் கேட்டது அறுவடையைப் பற்றி.

பேத்தியே விடை கூறினாள்: தான் தாதியாகி லே மருத்துவமனையில் வேலைபார்ப்பதாகவும், அறுவடைக்குத் தவறாமல் வருவதாகவும். கிழவி கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே ஒரே ஒரு சொல் சொன்னார். அதன் ஈற்றில் 'லோ' இருந்தது. மொழிபெயர்ப்பு வேண்டாமலே எனக்கு விளங்கிற்று: "வருவாளாம்!"

எஞ்சிய நாட்களில் ஒரு தடித்த குறிப்பேடு வாங்கி, பிள்ளை ஒருவருக்கு மூன்று பக்கமாகப் பகுத்தேன். இவன் இறந்தகாலம் அறிவான். ஆட்டைப் பற்றிக் கேட்டாலன்றி வாய் திறவான். இவள் எழுத்திற் பிழையில்லை. வேகமாகப் பேசினால் அஞ்சுவாள். இன்ன கதை படித்தாயிற்று. இன்ன விளையாட்டு ஆடியாயிற்று. 'எங்கள் கிராமம்' இனி வேண்டா. பிள்ளைகள் தாமும் தத்தம் பக்கத்தில், அடுத்த ஆசிரியர் எதனைக் கற்பிக்கவேண்டும் என்று எழுதினர். 'சண்டை போடுவதற்கு வேண்டிய வாக்கியங்கள்' என்று எழுதினவர் ஐவர். புறப்படும் நாளில் தலைமையாசிரியர் அதனை வாங்கி, வருகைப் பதிவேடுகளோடு இரும்புப் பெட்டியில் வைத்தார்.

கார்த்திகை மாதத்தில் அப்பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். புரட்டாசியில் ஒரு புதிய ஆசிரியர் வந்து, குறிப்பேட்டைப் படித்துவிட்டு, முதல் நாளே கதைப் பாடத்திலிருந்து தொடங்கினாராம். கடிதத்தில் 'இஸ்' வரும் இடந்தோறும் மேலே தன் எழுத்தில் நுண்ணியதாய் ஒரு குறி இட்டிருந்தாள். 'அபி-லே நலமாயிருக்கிறார்' என்பதன் மேல் 'துக்'. 'தண்ணீர் மிகக் குளிர்ச்சியாயிருக்கிறது' என்பதன் மேல் 'ராக்'. இறுதி வரி, 'சமையலறையில் அடுப்புக்கு அருகே உங்களுக்கு இடம் இருக்கிறது' என்பது. அதன் மேல் 'யோத்' என்று எழுதியிருந்தாள்.