போதுமான தகவல்

ஜிமேட் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி வினவினாள்: "அம்மப்பா, ஒரு நேர் நிறைவெண்ணுக்கு வேறுபட்ட முதன்மைக் காரணிகள் எத்தனை? முதற் கூற்று: அதன் இருமடங்குக்கு நான்கு. இரண்டாங் கூற்று: அதன் வர்க்கத்துக்கு நான்கு. எது போதும்?"

"தனித்தனியே இரண்டும் போதும்" என்றேன். பிழை. 105இன் இருமடங்கு 210. அதற்குக் காரணிகள் 2, 3, 5, 7. 210இன் இருமடங்கான 420இற்கும் அவையே. ஆனால் 105இற்கு மூன்று, 210இற்கு நான்கு. ஆகவே முதற் கூற்றுப் போதாது. வர்க்கமோ புதுக் காரணி எதனையும் கொணராது. உள்ளதையே இருமுறை சொல்லும். இரண்டாவது மட்டுமே போதும்.

போர்க்காலத்தில் ஓரிரவு, இருவர் உறுதிப்படுத்தினர் என நம்பி ஒருவரது மரணச் செய்தியை அச்சேற்றினேன். அவ்விருவருக்கும் சொன்னவர் ஒருவரே என்பதை நான் விசாரிக்கவில்லை. மறுநாள் 'இறந்தவர்' அலுவலகப் படியேறி வந்தார். ஏசவில்லை, தாயாருக்குக் காட்டவென ஒரு மறுப்புச் செய்தி மட்டும் கேட்டார்.