பொங்கல் வாரத்தில் பனிமலை

சிவகாசிக்காரர்களுக்குத் தூரப் பயணம் புதிதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததில் தொடங்குகிறது அந்தக் கதை. இன்றைக்கும் காலண்டர் ஆல்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு வடநாட்டு ஊர்களில் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிக்கிறவர்கள் சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தத்திலேயே இருக்கிறார்கள். இந்தியும் தெலுங்கும் வியாபாரத்துக்கு வேண்டிய அளவு பேசுவார்கள். ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் பார்ப்பதற்கென்றே எங்கே போனீர்கள் என்று கேட்டால், குற்றாலம், கொடைக்கானல், திருச்செந்தூர் என்ற மூன்று பெயரோடு பேச்சு நின்றுவிடும். அதுவும் முதல் நாள் ராத்திரி முடிவுசெய்து, விடிகாலையில் வேன் பிடித்துப் போவது.

காசு இல்லாததால் மட்டும் அப்படி என்று நான் நினைக்கவில்லை. தீபாவளிக்கு போனஸ் வருகிறது. சீட்டுப் போட்டு எடுக்கிறோம். நம்மிடம் இல்லாதது தேதி. லீவு எப்போது என்பது லீவு விடுகிற அன்றைக்குத்தான் தெரிகிறது.

நான் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவி பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். இரண்டு தொழிலுக்கும் ஓய்வு ஒரே நேரத்தில் வராது. பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி வரை மூச்சுவிட நேரம் கிடையாது. தீபாவளி முடிந்ததும் ஆபீஸை மூடுவார்கள், பூஜை போட்டுத் திறக்கிற நாள் பிறகுதான் தெரியும். அச்சகம் அப்படியில்லை. ஆடிப் பெருக்கன்று புது வருஷ ஆல்பம் வெளியாகும். ஆர்டர் குவியும். அரசு விடுமுறைப் பட்டியல் கைக்கு வந்ததும் தினசரி காலண்டர் வேலை ராத்திரி பகலாக ஓடும். கார்த்திகை, மார்கழியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் விரல் இடுக்கில் சிவப்பு மை காய்ந்திருக்கும். நாடு முழுவதும் எந்த நாளில் வீட்டில் இருக்கலாம் என்று சொல்கிற சிவப்பு அது. ஜனவரி பிறந்துவிட்டால் மிஷின்கள் அடங்கும். அச்சகத் தொழிலாளிக்குத் தை மாதம்தான் ஓய்வு மாதம்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை டிவியில் பார்த்ததிலிருந்து, பனிச்சறுக்கு ஒரு தடவையாவது பழகிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வெயிலில் காயும் ஊர் என்பதாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றிய மண் இது. இங்கே பிறந்த பெண்ணுக்குப் பனி மேல் ஆசை வந்தால் அதை விளையாட்டாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எந்த வாரம் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. தீபாவளி ஓய்வில் போனால் குல்மார்க்கில் சறுக்கும் அளவுக்குப் பனி இருக்காது. அரையாண்டுப் பரீட்சை லீவு கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டி வரும். அந்தப் பத்து நாளும் வடநாடே அங்கே திரண்டிருக்கும். பங்குனிப் பொங்கலுக்கு சிவகாசி முழுக்க அடைத்திருக்கும், ஆனால் அது பரீட்சைக் காலம். மே மாதம் பேச்சுக்கே இடமில்லை. காஷ்மீரத்தில் டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லை கலான் என்கிறார்கள். நம் பொங்கல் அதன் நட்டநடுவில் வருகிறது.

பொங்கல் வாரமா, ரயிலில் இடம் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள். இங்கேதான் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் சென்னையிலிருந்து தெற்கே வருகிற வண்டிகளில்தான் நிற்க இடம் இருக்காது. அதே நாட்களில் சிவகாசியிலிருந்து சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டு போகலாம். காணும் பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் நிரம்பி வழிகிற நேரத்தில், நாங்கள் சென்னையிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருப்போம். எல்லோரும் ஊருக்கு வருகிற வாரத்தில் ஊரைவிட்டுப் போகிறவருக்குக் கூட்டம் எதிர்த்திசையில்தான் ஓடுகிறது.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இது முதலில் பிடிக்கவில்லை. “பொங்கலன்னைக்கு வீடு பூட்டிக் கிடக்கலாமா?” என்றார். இரண்டு நாள் கழித்து அவராகவே, “பேத்தி ஆசைப்படுறா. பானையை நான் வச்சிர்றேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றார். அவர் சொன்ன பிறகுதான் டிக்கெட்டில் கை வைத்தேன்.

ரயில்வேயில் 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 11 பயணத்துக்கு நவம்பர் 12 காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும். அச்சகத்தில் ஷிப்ட் மாறுகிற நேரம் அது. சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் என்று விமானத்தில் போகலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். கட்ராவிலிருந்து 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத், ஆற்றுமட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகரில் இறக்கிவிடும். எந்த வழியானாலும் ஒரு நாளைச் சும்மா கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் டெல்லியில் மூடுபனி, ஸ்ரீநகரில் பனிப்பொழிவு. இரண்டுமே விமானத்தை நிறுத்திவிடும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே எடுக்காது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் வேண்டும். குல்மார்க் ரோப் கார் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். பாதுகாப்பு நிலவரத்தையும் கிளம்பும் முன் விசாரிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை மறந்துவிட்டுத் திட்டம் போட முடியாது.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். அடிவாரத்தில் தங்மார்க். அங்கேயே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டும் வாடகைக்குக் கிடைக்கும், இங்கிருந்து புதிதாக வாங்கிப் போக வேண்டியதில்லை. கடும்பனி நாட்களில் அதற்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும்.

பனிச்சறுக்குக்கு முதல் பாடம் காலணியில் தொடங்குகிறது. ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. கொக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கினால் கணுக்கால் அசையாது, உடம்பு தானாக முன்னுக்குச் சாயும். அளவு சரியாக இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் கால் மரத்துவிடும், ஆகவே கடையில் அவசரப்படாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி சொல்லித் தந்தவர் அந்த ஊர்ப் பையன். என் மகளுக்கு எதிரே நின்று, தான் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு, இரண்டு ஸ்கீயின் முன்நுனியும் நெருங்க, பின்பக்கம் விரிய நிற்கச் சொன்னார். அப்படி நின்றால் வேகம் அடங்கும். அவள் விழுந்தாள், எழுந்தாள். மதியத்துக்குள் சின்னச் சரிவில் இருபதடி தானாக இறங்கி, நிற்க நினைத்த இடத்தில் நின்றாள். பயர் ஆபீஸில் வருஷமெல்லாம் வெடியோடு கவனமாகப் புழங்குகிற அவள் அம்மா, அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்த சிரிப்பை நான் கல்யாண நாளில்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு சிரிப்புக்காக இந்தச் செலவு தகும் என்று முழு மனதோடு சொல்வேன்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தச் சின்னச் சரிவோடு நிற்பதுதான் சரி. 2,650 மீட்டரில் இருக்கும் குல்மார்க்கிலிருந்து ரோப் கார் முதலில் கோங்டூரிக்கும், பிறகு ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்கு, அஃபர்வத் மலைக்கும் ஏறும். மேலே இருந்து சறுக்குவது தேர்ந்தவர்கள் வேலை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டு வீரர்கள் இருவர் இறந்தார்கள்.

பனியும் சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரித் தொடக்கத்தில் குல்மார்க் காய்ந்து கிடந்தது. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பனி நம் கையில் இல்லை. லீவுத் தேதி மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் குல்மார்க் போன பொங்கலுக்கு எங்கள் அச்சகத்தில் லீவை ஐப்பசியிலேயே சொல்லிவிட்டார்கள். மனைவி வேலை செய்யும் இடத்திலும் போர்மேன் அண்ணாச்சியிடம் இரண்டு மாதம் முன்னால் சொல்லி வைக்க முடிந்தது. அதனால்தான் நாங்கள் போக முடிந்தது. எங்கள் தெருவில் அதே ஆசையும் அதே சேமிப்பும் உள்ள வேறு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தேதி தெரிவது மார்கழிக் கடைசியில். அதற்குள் டிக்கெட் தீர்ந்துவிடும், விமானக் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இப்போது கோடை மலைக்குக்கூட நினைத்த உடனே கிளம்ப முடியாது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

அச்சக முதலாளிகளுக்கும் பயர் ஆபீஸ் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்துக்கான ஆல்பத்தை வெளியிடுகிறீர்கள். அதே நாளில் உங்கள் தொழிலாளிகளின் தீபாவளி, பொங்கல் லீவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பிறகு ஒரு நாள் முன்பின் ஆனாலும் நாங்கள் சமாளித்துக்கொள்வோம்.