கிறிக்கி நிற்கும் நொடி

செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அந்தக் கதையைக் கூத்தாக ஆடுவார்கள், முடிவதற்குள் விடிந்துவிடும். அப்படி ஓர் ஊருக்கு, கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கும் அண்ணன் ஒருவரோடு போயிருந்தேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அவர் கூத்தைத் தேடிப் போகிறவர். அன்று துகில் கூத்து.

வேடம் கட்டும் கொட்டகைக்குப் போகாமல் அவர் நேராக லைட்டுக்காரத் தம்பியிடம் போனார். களரியைச் சுற்றி நான்கு சவுக்குக் கழிகள், கழிக்கு ஒரு எல்.இ.டி. ஃபோகஸ். அண்ணன் தன் செல்போன் கேமராவை ஒவ்வொரு விளக்குக்கும் நேராகப் பிடித்தார். ஒன்றில் மட்டும் திரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மட்டமான எல்.இ.டி. அதனால் நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 500இல் ஒரு பங்கு நொடிக்குக் கொண்டுபோனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். முகத்தின் குறுக்கே பட்டை விழும். 100இல் ஒரு பங்கில் வைத்தால் ஒரு மினுக்கம் முழுதாக உள்ளே வந்துவிடும்.

“முன்னாடி இருக்கிறதைக் கொஞ்சம் எறக்கிப் பக்கமா திருப்பலாமா தம்பி?”

“மூஞ்சி தெரியலன்னா ஜனம் கத்தும்ணா.”

பேசிப் பேசிப் பாதி திருப்பினார்கள். அந்தப் பாதிதான் அன்றைய படங்களைக் காப்பாற்றியது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதித்தவை. தீவட்டியும் பிறகு பெட்ரோமாக்ஸும் எரிந்த காலத்துக் கலை இது. ஆடும் சுடரில் ஒவ்வொரு கண்ணாடியும் தனித்தனியாக மின்னியிருக்கும். நேர் எதிரில் இருந்து வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டினால் வேடத்தின் மேடுபள்ளம் எல்லாம் அழிந்து, அரிதார முகம் தட்டையாகிவிடுகிறது. கூத்தை இன்று நன்றாகப் படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த லென்ஸைவிட லைட்டுக்காரரின் சிநேகம் முக்கியம் என்றே சொல்வேன். ஃபிளாஷ் போடுவதோ ஆட்டக்காரர் கண்ணில் அடிப்பதற்குச் சமம். அண்ணன் அதைப் பையிலேயே வைப்பதில்லை.

இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடம் மட்டும் தெரிந்தது. அண்ணன் 85 எம்.எம். லென்ஸை மாட்டி ஐ.எஸ்.ஓ.வை 3200இல் நிறுத்தினார். வெளிச்ச அளவைக் கேமராவிடம் விடவில்லை. பின்னால் இருக்கும் இருட்டை நம்பி அது முகத்தை வெளுக்க வைத்துவிடும். துரியோதனனுக்குச் சிவப்பு முகம் வேறு. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் புருவக்கோடும் மீசையோரப் புள்ளிகளும் சிவப்பில் கரைந்துபோகும். ஆகவே ஒரு படி குறைத்தே எடுத்தார்.

திரை விலகியதும் கிறிக்கி என்னும் சுழலாட்டம். மடிப்பு மடிப்பான பாவாடை குடையாக விரிய, சலங்கை அதிர, களரியை வட்டமடித்துச் சுழன்றார் ஆட்டக்காரர். நான் வ்யூஃபைண்டருக்குள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் சும்மா நின்றார்.

“ஆளையே பாத்துக்கிட்டிருந்தா பிந்திடுவோம் தம்பி. மிருதங்கத்தைக் கேளுங்க. தீர்மானம் விழுந்தா நிப்பாரு.”

விழுந்தது. நின்றார். உடம்பு நின்றுவிட்டது, பாவாடை இன்னும் அரைச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அண்ணனின் ஷட்டர் பேசியது. முகமும் கண்ணும் கூர்மையாக இருக்க, இடுப்புக்குக் கீழே எல்லாம் சுழன்ற படம். 500இல் ஒரு பங்கில் எடுத்திருந்தால் பாவாடையும் விறைத்து நின்றிருக்கும், ஆட்டம் காணாமல் போயிருக்கும். விளக்கின் குறை கட்டாயப்படுத்திய வேகமே கூத்துக்குப் பொருந்தி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நடுச்சாமத்துக்கு மேல் குழந்தைகள் பாயில் சுருண்டுவிட்டார்கள். துகில் உரியும் கட்டம் வந்தபோது கற்பூரம் ஏற்றினார்கள். முன்வரிசைப் பெண்கள் கைகூப்பி எழுந்து நின்றார்கள். அங்கே அது கதையல்ல, அம்மன். அண்ணன் அவர்களுக்கு முன்னால் ஓர் அடிகூட வைக்கவில்லை; இருந்த இடத்திலிருந்தே, தோள்களுக்கு நடுவில் எடுத்தார்.

இத்தனை உழைப்பில் பிறக்கும் படங்கள் காலண்டரிலும் கண்காட்சியிலும் ‘கூத்துக் கலைஞர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. ஆடியவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூத்துக்குழுவான ஜமா இருக்கிறது. அண்ணன் அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். ஜமாவுக்குப் பிரிண்டும் போட்டுக் கொடுக்கிறார்.

விடிந்தது. தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துரியோதனனிடம் அண்ணன் கேமராவை நீட்டினார். கிறிக்கி நின்ற அந்தப் படம்தான். அவர் தன் முகத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லித் தோளைக் காட்டினார்.

“எடப்பக்கக் கட்டை ஒரு விரக்கடை எறங்கியிருக்கு பாருங்க வாத்தியாரே. நாளைக்குக் கயிறை இன்னும் இழுத்துக் கட்டணும்.”

பக்கத்தில் இருந்த ஜமா வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “வலப்பக்கத்தையும் காட்டுங்க” என்றார்.