எட்டுக்காலின் மேல் ஒரு பழி

ராத்திரி பதினொரு மணிக்கு பாத்ரூம் லைட்டைப் போடுகிறீர்கள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி. நண்டு மாதிரி கால்களைப் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. உங்கள் கை துடைப்பத்தைத் தேடுகிறது. 'மேல ஊர்ந்தா அக்கி வந்துடும்' என்று யாரோ சொன்னது ஞாபகம் வருகிறது.

கொஞ்சம் பொறுங்கள். ஆள் யார் என்று தெரிந்துகொண்டு அடிக்கலாம்.

இதன் பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. 1767-ல் லின்னேயஸ் கொடுத்த 'வெனடோரியா'வுக்கு வேட்டை என்று அர்த்தம். இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பகலில் பீரோவுக்குப் பின்னால் ஒண்டியிருந்துவிட்டு, இரவில் ஓடிப் பிடிக்கிற ஜாதி. முக்கிய மெனு, கரப்பான். ஜீரண நீரைச் செலுத்திக் கரைத்து, ஜூஸாக உறிஞ்சிவிடும். ஆசியாவிலிருந்து கப்பல் சரக்கில் ஒளிந்து, பாஸ்போர்ட் இல்லாமல் உலகத்து வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் குடியேறிவிட்டது.

உலகத்துச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 40 முதல் 80 கோடி டன் வரை இரை தின்கின்றன என்று 2017-ல் ஒரு கணக்கு வந்தது. மனிதர்கள் நாம் சாப்பிடும் கறியும் மீனும் சேர்த்தே சுமார் 40 கோடி டன்தான். சிலந்தித் தட்டில் பெரும்பங்கு பூச்சிகள்.

சரி, அக்கி?

அக்கிக்குக் காரணம் சிலந்தி இல்லை. சின்ன வயசில் வந்து போன சின்னம்மையின் வைரஸ்! அது போவதே இல்லை. நரம்பின் வேர்களில் பல வருஷம் தூங்கிவிட்டு, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்துகொள்கிறது. நரம்பு போகிற பாதையிலேயே, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்புகிறது.

2018-ல் எங்கள் அத்தைக்கு இடுப்பில் இப்படி வந்தபோது, ஊரே சிலந்தியைத்தான் கைகாட்டியது. காவியைக் குழைத்து அக்கி எழுதினார்கள். மெத்தையை உதறி வெயிலில் போட்டார்கள். டாக்டரைப் பார்த்தது ஆறாம் நாள். 'கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா நல்லா கேட்கும்மா' என்றார் அவர். கொப்புளம் பத்து நாளில் காய்ந்துவிட்டது. வலி எட்டு மாதம் இருந்தது. புடவைக் கொசுவம் பட்டால்கூட அத்தை துடித்துப்போவாள். எட்டுக்காலின் மேல் போட்ட பழிக்கு அத்தை கொடுத்த விலை அது.

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பக்கமாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால், சுவரைப் பார்க்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், பார்வைக்கே ஆபத்து.

சிலந்தி கடிக்கவே கடிக்காதா என்றால், கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும். வலிக்கும், வீங்கும், அடங்கிவிடும். அடிவயிற்றில் ரூபாய் நாணயம் மாதிரி தட்டையாக ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தால் அது முட்டைப் பை. அந்தத் தாயிடம் மட்டும் வம்பு வேண்டாம், சட்டென்று கோபம் வரும்.

பயமாகவே இருந்தால், ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையைச் செருகி, வெளியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கரப்பானுக்கு நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான்.